படுவான்கரைத் தும்பிகள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் இட்ட பெயர்கள் எளிமையும் அழகும் பொருந்தியவை. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. அது படும் பக்கம் படுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் எழுவான்கரையிலே ஊரோடு ஊர் ஒட்டி, வீட்டோடு வீடு நெருங்கி நகரம் வளர்ந்தது. படுவான்கரையோ வயலும் குளமும் காடுமாக அகன்று கிடந்தது. அதன் நடுநாயகமாய் விளங்குவது கொக்கட்டிச்சோலை. கொக்கட்டி மரங்கள் அடர்ந்த சோலையிலே தானாகத் தோன்றிய இலிங்கம் என்று ஐதிகம் கூறும் தான்தோன்றீச்சரர் ஆலயத்தாலும், அந்நியர் முன்னிலையிலே புல்லுண்டதாகச் சொல்லப்படும் கல் நந்தியின் கதையாலும் அவ்வூரின் பெயரை ஈழநாடெங்கும் அறிவர்.

அவ்வூரைச் சூழ்ந்த ஊர்களின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மகிழடித்தீவு, முதலைக்குடா, அம்பிளாந்துறை, முனைக்காடு, அரசடித்தீவு, பண்டாரியாவெளி. தீவு என்றும் குடா என்றும் துறை என்றும் முனை என்றும் நீரை வைத்தே நிலத்தைச் சுட்டியிருக்கின்றனர் அந்த மக்கள். எழுவான்கரையிலும் புளியந்தீவு உண்டு, நாவற்குடா உண்டு. ஆயின் அங்கே அப்பெயர்களின் மேலே நகரம் எழுந்துவிட்டது. படுவான்கரையிலே பெயரும் நீரும் இன்னும் பெரும்பாலும் பிரியாதிருக்கின்றன.

நெடுங்காலம் மண்முனைத் துறையிலே, ‘பாதை’ என்று மக்கள் வழங்கும் மிதவையில் ஏறியே கொக்கட்டிச்சோலையார் வாவியைக் கடந்தனர். போர்க்காலத்திலே அவ்வூரும் அயலும் பட்ட துயர் பெரிது; 1987ஆம் ஆண்டிலும் 1991ஆம் ஆண்டிலும் அங்கு நிகழ்ந்த படுகொலைகளை மறந்தவர் இலர். போர் ஓய்ந்தபின், 2014ஆம் ஆண்டிலே யப்பானிய அரசின் உதவியோடு கட்டப்பட்ட மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. நோயாளியும் மாணவனும் நெல் மூடையும் தயிர்ச் சட்டியும் இனிப் பாதைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்பாலம் தாமதித்து வந்த நீதி. அதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் பாலம் வந்த வழியே நகரமும் வரும். கிறவல் வரும், சீமெந்து வரும், கடைத்தெரு வரும், காணிக்கு விலை வரும். அது வரட்டும். வரும்பொழுது அங்குள்ள நீருக்கு என்ன நேரிடும் என்பதை முன்கூட்டி அறிய வழியுண்டா என்பதே நம் கேள்வி. உண்டு. ஆய்வுகூடமும் கருவியும் இன்றி, வரம்பில் நிற்கும் ஒரு சிறுவனும் படித்தறியத்தக்க அளவுகோல் ஒன்று வயல்வெளியிலே பறந்துகொண்டிருக்கிறது. அதுவே தும்பி.

பெயரும் குலமும்

சங்கப் பாடல்களிலே தும்பி என்றால் வண்டினத்துள் ஒன்று. இன்று நாம் அச்சொல்லை, கண்ணாடிச் சிறகும் நீண்ட வாலும் உடைய வேறொரு பூச்சிக்கு வழங்குகின்றோம். தமிழகத்தார் அதனைத் தட்டான் என்பர். பெயர் எதுவாயினும், நூல் கட்டிக் கல்லெடுக்கச் செய்து அதனைத் துன்புறுத்தாத சிறுவன் நம் நாட்டிலே அரியவன். தாழப் பறந்தால் மழை வரும் என்று அதனை நோக்கி வானிலை கணித்த முதியோரும் பலர்.

இக்குலம் இரு கிளைகளை உடையது. ஒன்று தும்பி: உடல் பருத்தது, பறப்பு விரைந்தது, அமர்ந்திருக்கையிலும் சிறகை விரித்தே வைத்திருப்பது. மற்றையது ஊசித்தும்பி: உடல் ஊசிபோல் மெலிந்தது, பறப்பு மெல்லியது, அமர்ந்தால் சிறகைப் பெரும்பாலும் முதுகின்மேல் கூப்பிக்கொள்வது. தும்பியின் கண்கள் பெரும்பாலும் தலையின் உச்சியிலே நெருங்கி ஒன்றையொன்று தொடும். ஊசித்தும்பியின் கண்களோ இரு முனைகளிலும் விலகி நிற்கும். இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்க; நகரம் இவ்விரண்டையும் ஒரே வகையாக நடத்துவதில்லை.

இக்குலத்தின் தொன்மை வியப்புக்குரியது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், பறவையும் தோன்றாத காலத்திலே, இவற்றின் உறவினம் ஒன்று இரண்டடிக்கு மேற்பட்ட சிறகு விரிவுடன் சதுப்புக் காடுகளிலே பறந்தது. இன்றுள்ள தும்பியின் ஒவ்வொரு கண்ணும் பல்லாயிரம் சிறு கண்களின் தொகுதி. சில இனங்களில் அது 30,000 வரை செல்லும். குறிவைத்த இரையை நூற்றுக்குத் தொண்ணூறு தடவைக்கு மேல் தப்பவிடாது பற்றும் வேட்டைத்திறன் புலிக்கும் இல்லை, சிங்கத்துக்கும் இல்லை.

இலங்கையில் வாழும் தும்பிகளும் ஊசித்தும்பிகளும் ஏறத்தாழ 130 இனங்கள் என்பர். அவற்றுள் ஏறத்தாழப் பாதி உலகில் வேறெங்கும் இல்லாதவை. இந்திய மருத்துவச் சேவையைச் சேர்ந்த பிரேசர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிகோலிற்று. 2000ஆம் ஆண்டிலே தெரன்ஸ் த பொன்சேகா இலங்கைத் தும்பிகளைப் பற்றித் தனிநூல் தந்தார். இத்தீவுக்கே உரிய இனங்களுட் பல தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளையும் மலைநாட்டு அருவிகளையும் சார்ந்தவை. மட்டக்களப்பு போன்ற உலர்வலயத் தாழ்நிலத்திலே பறப்பவற்றுட் பெரும்பாலானவை இந்தியாவிலும் அதற்கப்பாலும் பரந்து வாழ்பவை.

ஆகவே கொக்கட்டிச்சோலையிலே ஒரு குளம் தூர்ந்தால் உலகம் ஓர் இனத்தை இழந்துவிடும் என்று அச்சமூட்டுதல் பொய்யாகும். இழப்பு அவ்வூருக்கே உரியது. அது எத்தகையது என்று அறிய, தும்பி பிறக்கும் இடத்தைப் பார்த்தல் வேண்டும்.

நீருக்குள் ஒரு வாழ்வு

வானிலே நாம் காணும் தும்பி தன் வாழ்நாளின் கடைசிக் காட்சியிலேதான் நமக்குத் தோற்றமளிக்கிறது. அதற்கு முந்திய நெடுங்காலத்தை அது நீருக்குள்ளே கழித்துவிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரை அணங்கு என்று நம் விஞ்ஞான நூல்கள் கூறும். தாக்கி வருத்தும் தெய்வத்தைக் குறித்த பழஞ்சொல் இதற்குப் பொருந்தி வந்துள்ளமை நயம் உடையது. சேறுபடிந்த நிறத்தோடு அடியிலே அசையாது கிடக்கும் அணங்கு, மடித்து வைத்த கைபோன்ற தன் கீழுதட்டைக் கண்ணிமைப்பொழுதில் நீட்டி இரையைக் கவ்வும். நுளம்புக் குடம்பியும் புழுவும் தலைப்பிரட்டையும் சிறுமீனும் அதற்கு உணவு. மீனுக்குப் பூ இருப்பதுபோல, தும்பியின் அணங்குக்குக் குடலின் பின்முனையிலே மூச்சுறுப்பு உண்டு. அங்கு இழுத்த நீரை விசையுடன் பின்னே பீச்சி, அதனால் முன்னே பாய்ந்து தப்பவும் அது வல்லது. ஊசித்தும்பியின் அணங்குக்கோ வால்நுனியிலே இலைபோன்ற மூன்று தகடுகள் உள.

பலமுறை தோலுரித்து வளர்ந்து, காலம் வந்ததும், அது புல்லின் தண்டையோ கோரையையோ பற்றி நீரைவிட்டு மேலேறும். முதுகு பிளக்கும், சிறகுள்ள தும்பி வெளிவரும், கூடு தண்டிலே தொங்கும். பற்றி ஏறுவதற்குக் கரடுமுரடான பிடிமானம் ஒன்று வேண்டும். சிறகு உலரும்வரை இடையூறின்மை வேண்டும். இவ்விரண்டும் இல்லையேல் மாதக்கணக்கான வாழ்வு ஒரு காலைப்பொழுதில் வீணாகும்.

முட்டையிடும் முறையிலும் வேற்றுமை உண்டு. தும்பிகளுட் பல வால்நுனியால் நீரைத் தொட்டுத் தொட்டு முட்டைகளை உதிர்த்துச் செல்லும். ஊசித்தும்பிகளோ நீர்ச்செடியின் தண்டைக் கீறி அதனுள்ளே முட்டையை வைக்கும். எனவே நீர் மட்டும் இருந்து செடி இல்லையானால், தும்பி ஒருவாறு பிழைத்தாலும் ஊசித்தும்பி பிழையாது.

பல நீர், பல சிறகு

படுவான்கரையிலே நீர் ஒருவகைப்பட்டதன்று. வாவியின் ஓரம் உவர்நீர். மாரி வெள்ளம் வந்தால் நன்னீராகும், கச்சான் காற்று வீசும் கோடையிலே மீண்டும் உப்பேறும். கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே ஒருநீர். வயல் வரம்புகளுக்குள்ளே ஒருநீர். துருசு வழியே ஓடும் வாய்க்காலில் ஒருநீர். ஆம்பலும் தாமரையும் பூத்த ஊர்க்குளத்தில் ஒருநீர். எருமைப் பட்டிகள் புரண்டெழும் மடுவிலே கலங்கிய ஒருநீர். மாரியில் நிறைந்து பங்குனி சித்திரையில் வற்றிப்போகும் பள்ளங்கள் எண்ணற்றவை. அவற்றுட் பலவற்றுக்குப் பெயருமில்லை, வரைபடத்தில் இடமுமில்லை.

இத்தகைய நீர்களை நம் தாழ்நிலத் தும்பிகள் தம்முள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. பசிய வெள்ளாமையின் மேலே, சிறகின் பாதி கருமையும் அதன் விளிம்பிலே வெண்பட்டையும் உடைய சிறு தும்பி ஒன்று புல்லுக்குப் புல் தாவும். தாமரைக் குளத்தின் மேலே மஞ்சளும் கருமையும் கலந்த சிறகுடைய மற்றொன்று வண்ணத்துப்பூச்சியோ என்று மயங்குமாறு மிதக்கும். குருதிச் செந்நிறம் கொண்ட தும்பி கோரை நுனியிலே காவல் இருக்கும். ஓர் அங்குலத்துக்கும் குறைந்த நீளமுடைய ஊசித்தும்பி புல்லடியிலே நிழல்போல் நகரும். மஞ்சள் வாலுடைய ஊசித்தும்பி ஒன்றின் விஞ்ஞானப் பெயரிலே சோழமண்டலக் கரையின் பெயரே பொதிந்துள்ளது. உவர்நீரையும் தாங்கிக் கடலோரத்தை விரும்பும் தும்பியும் உண்டு. பகலெல்லாம் ஒளிந்திருந்து அந்தியிலே மட்டும் வேட்டைக்கு எழும் தும்பியும் உண்டு.

இவற்றோடு ஒரு யாத்திரிகனும் உளன். ஐப்பசி மாரிக்கு முன்னும் பின்னும் வெட்டவெளிகளிலே கூட்டங் கூட்டமாய்ச் சுழலும் பொன்மஞ்சள் தும்பியை யாவரும் கண்டிருப்பர். பந்தாலா பிளாவெசென்ஸ் என்று அதற்குப் பெயர். மாலைதீவிலே ஆண்டுதோறும் ஐப்பசியளவில் இவை கடலைக் கடந்து வந்திறங்குவதைக் கவனித்த சார்ள்ஸ் அன்டர்சன் என்னும் உயிரியலறிஞர், இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாகக் கிழக்காபிரிக்கா வரை இவை காற்றோடு செல்கின்றன என்ற கருத்தை 2009ஆம் ஆண்டிலே வெளியிட்டார். பல தலைமுறைகளாகப் பிரிந்து சென்று மீளும் அச்சுற்றின் நீளம் 14,000 கிலோமீற்றருக்கும் மேற்படும் என்பது அவர் கணக்கு. இதன் அணங்கு ஆறேழு கிழமைகளிலே வளர்ந்துவிட வல்லது. மாரியிலே தோன்றி மறையும் மழைக்குட்டை அதற்குப் போதும். நாம் வெறும் பள்ளம் என்று கருதி நிரப்பும் இடம் மாகடலைக் கடக்கும் ஓர் உயிருக்குப் பிள்ளைத்தொட்டில்.

நகரம் செய்யும் மாற்றம்

நகரம் வளர்ந்தால் தும்பி அழியும் என்று பொதுப்படச் சொல்வது வழக்கம். அது முழு உண்மையாகாது. நகரத்து வடிகாலின் மேலேயும் தும்பி பறக்கிறது; சிலவேளை வயலிற் காண்பதிலும் மிகுதியாகப் பறக்கிறது. ஆனால் அது எந்தத் தும்பி? இங்கேதான் செய்தி உள்ளது.

செம்மஞ்சள் நிறமும் அதே நிறச் சாயை படிந்த சிறகும் உடைய ஒரு தும்பி உண்டு. பிரக்கிதெமிசு கொன்றாமினாற்றா என்பது அதன் பெயர். கழிவு கலந்த தேங்குநீரை அது பொறுக்கும். மற்றையவை ஒதுங்கிய இடத்தில் அது பெருகும். ஊசித்தும்பிகளிலும் இவ்வாறு எதையும் தாங்கும் இனங்கள் ஒன்றிரண்டு உள. நூறு தும்பிகள் பறக்கும் வயற்குளத்திலே பதினைந்து வகை இருக்கலாம். நூறு தும்பிகள் பறக்கும் நகரத்து வாய்க்காலிலே இரண்டு வகையே இருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவன் குறை காணான். வகையைப் பார்ப்பவனே காண்பான். நடு ஐரோப்பிய நகரங்கள் பலவற்றை ஒப்பிட்டு 2012ஆம் ஆண்டிலே வெளிவந்த ஆய்வும், நகரின் நடுவிலிருந்து புறத்தே செல்லச் செல்லத் தும்பிவகை பெருகுகிறது என்றே கண்டது.

இம்மாற்றம் எப்படி நேர்கிறது? முதலாவது, நீரின் விளிம்பு போகிறது. குளக்கரையைச் செப்பனிடுகிறோம் என்று செங்குத்தான கொங்கிறீட்டுச் சுவர் எழுப்புகின்றோம். கோரையும் பன்னும் வேரூன்ற இடமில்லை. அணங்கு பற்றி ஏற வழியில்லை. ஊசித்தும்பிக்கு முட்டை வைக்கத் தண்டில்லை. குளம் முன்னிலும் அழகாயிருக்கிறது என்று நாம் மகிழ்கின்றோம். நீர் இருக்கிறது, நீரின் வாழ்வு போய்விட்டது.

இரண்டாவது, சிறுநீர்நிலைகள் மறைகின்றன. பெருங்குளத்தை நிரப்ப எவரும் துணியார். வீட்டுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தை நிரப்ப எவரையும் கேட்க வேண்டுவதில்லை. ஊசித்தும்பிகளுட் பல மெல்லிய பறப்பின. ஒரு குளத்துக்கும் அடுத்த குளத்துக்கும் இடையே படிக்கட்டுப்போல் இருந்த பள்ளங்கள் போனபின், தார்வீதியையும் மதில் வரிசைகளையும் கடந்து அவை செல்வது அரிது. ஒரு வறட்சியிலே ஒரு குளத்தில் அற்றுப்போன இனம், அயற்குளத்திலிருந்து மீண்டும் வந்து குடியேற வழியின்றிப் போகிறது.

மூன்றாவது ஏமாற்றம் விசித்திரமானது. நீர்ப்பரப்பிலே பட்டு மீளும் ஒளி கிடையாக முனைவாக்கம் பெற்றிருக்கும். நம் கண் அறியாத இவ்வேறுபாட்டைத் தும்பியின் கண் அறியும். அதைக்கொண்டே அது நீரைத் தேடும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இக்குறிப்பு பொய்த்ததில்லை, ஏனெனில் அவ்வாறு ஒளிரும் பரப்பு நீரன்றிப் பிறிதில்லை. இன்றோ கண்ணாடிச் சுவரும் மெருகிட்ட கருங்கல்லும் மோட்டார் வண்டியின் கூரையும் தும்பியின் கண்ணுக்கு நீராய்த் தோன்றுகின்றன. அங்கேரி நாட்டிலே மெருகேற்றிய கருநிறக் கல்லறைக் கற்களைத் தும்பிகள் நீரென்று மயங்கிச் சூழ்ந்தமையைக் கபோர் கொர்வாத் முதலிய ஆராய்ச்சியாளர் 2007ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினர். 1991ஆம் ஆண்டின் வளைகுடாப் போரின் விளைவாகக் குவைத் பாலைவனத்திலே தேங்கிய மசகெண்ணெய்க் குட்டைகளிலும் தும்பிகள் வீழ்ந்து மடிந்தன.

கழிவுநீர் பெருகுதலையும், இரவெல்லாம் எரியும் வீதிவிளக்கு அந்தித் தும்பியின் பொழுதைக் குலைப்பதையும் இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. யாவும் ஒரே திசையிலே தள்ளுகின்றன: எதையும் தாங்குபவை எஞ்சும், குறித்த ஒரு நீரை நம்பி வாழ்பவை விலகும். உலகத் தும்பிகள் 6,016 இனங்களை மதிப்பிட்ட இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம், அவற்றுள் நூற்றுக்கு 16 இனங்கள் அழிவின் அச்சத்தில் உள்ளன என்று 2021ஆம் ஆண்டிலே அறிவித்தது. ஈரநிலங்கள் அழிவதே அதன் பெருங்காரணம்.

நுளம்புக்கு யார் பகை?

தும்பி போனால் என்ன, அழகு சற்றுக் குறையும், அவ்வளவுதானே என்பார் சிலர். அவர்களுக்கு டெங்கு நோய் மறுமொழி கூறும். 2017ஆம் ஆண்டிலே இலங்கையில் ஏறத்தாழ 1,86,000 பேர் டெங்கு ஐயத்துக்குரிய நோயாளராகப் பதிவாயினர். அந்நோயைப் பரப்பும் நுளம்பு நகர வாழ்வின் தோழி. நீர்த்தொட்டியும் பழைய டயரும் அடைபட்ட பீலியும் பூச்சாடித் தட்டும் அதற்கு மகப்பேற்று மனைகள். அத்தகைய சிறு கலங்களிலே தும்பி தானாக முட்டையிடுவது அரிது. ஆக, நாம் பள்ளத்தை நிரப்பும்போது நுளம்பின் பகைவனை வெளியேற்றுகின்றோம். அதன்மேல் வீடெழுப்பிக் கலங்களைச் சிதறவிடும்போது நுளம்புக்கு வீடமைத்துக் கொடுக்கின்றோம்.

பர்மாவின் இரங்கூன் நகரிலே ஒரு நற்சோதனை நடந்தது. செந்நிறத் தும்பியின் அணங்குகளை வீட்டு நீர்க்கலங்களிலே, மக்களின் ஒத்துழைப்போடு, மழைக்காலத்திலே திரும்பத் திரும்ப விட்டு வந்தனர். டெங்கு நுளம்பு வெகுவாய்க் குறைந்தது என்று 1990ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை கூறிற்று. குருதிச் செந்நிறத்தோடு நம் கோரை நுனிகளிலே காவலிருக்கிறதே, அத்தும்பிதான் அது. ஆனால் நுளம்பு ஒழிப்புக்குத் தும்பி ஒன்றே போதும் என்று கொள்ளற்க. கலங்களைக் கவிழ்த்து வைப்பதற்கு மாற்று எதுவுமில்லை. செலவின்றிக் காவல் செய்பவனை வலிந்து துரத்தாதிருப்பதே நாம் கேட்பது.

நுளம்பை ஒழிக்க மீனை விடும் வழக்கமும் உண்டு. அடைத்த கிணற்றிலும் தொட்டியிலும் விடுவது வேறு; இயற்கைக் குளத்திலே அயல்நாட்டு மீனை விடுவது வேறு. ஹவாய்த் தீவுகளிலே 1905ஆம் ஆண்டில் நுளம்பைத் தின்னவென்று அயல்மீனைக் கொண்டுவந்தனர். அதுவும் அதன் பின் வந்த அதன் உறவு மீன்களும் பரவிய தாழ்நில நீர்களிலே, அத்தீவுகளுக்கே உரிய ஊசித்தும்பிகள் சில தென்படாது போயின. பகைவனைக் கொல்ல வந்தவன் காவலனையும் உண்டுவிட்டான்.

வயலும் பொறுப்புடையது

பழியனைத்தையும் நகரத்தின் தலையிலே சுமத்திவிட்டுக் கிராமத்தைத் தூய்மையின் உறைவிடமாகப் போற்றுவது நேர்மையாகாது. வெள்ளாமைக்குத் தெளிக்கும் மருந்து வக்கடை வழியே வாய்க்காலுக்கும் வாய்க்கால் வழியே வாவிக்கும் செல்கிறது. யப்பானிலே இலையுதிர் காலத்துச் செந்தும்பி, வயலோடு பிறந்து வளர்ந்த உயிர். அக்கியாக்கனே என்று மக்கள் அதனை அன்போடு அழைப்பர். நாற்று மேடையில் இடும் புதிய பூச்சிமருந்துகள் பரவியபின், பல மாவட்டங்களிலே அத்தும்பி விரைந்து குறைந்தது; அம்மருந்துகளுட் சில அதன் அணங்கைக் கொல்கின்றன என்பதை அந்நாட்டு ஆய்வுகள் காட்டின. வீடும் கடையும் ஒன்றும் எழாத வயலிலேயே இது நேர்ந்தது. ஆதலின் கொக்கட்டிச்சோலையிலே காக்க வேண்டிய நீருக்குப் போடியார் முதல் வீதி அமைப்பவர் வரை யாவரும் பொறுப்பாளர்.

யப்பானைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லுதல் தகும். அந்நாட்டின் பழம்பெயர்களுள் ஒன்று அக்கிட்சுசிமா. தும்பித் தீவு என்பது அதன் பொருள். அங்கே கோச்சி மாநிலத்து நக்கமுரா நகரிலே, கைவிடப்பட்ட வயல்நிலத்தைக் குளங்களாக்கித் தும்பிகளுக்கென்றே ஒரு காப்பகத்தை 1985ஆம் ஆண்டிலே தொடங்கினர். தும்பியில் ஈடுபாடு கொண்ட உள்ளூர் மனிதர் ஒருவரின் முயற்சியும், அவர்மேல் நம்பிக்கை வைத்தோர் தந்த பொருளுமே அதற்கு மூலதனம். மண்முனையிலே பாலம் கட்ட உதவிய நாடு, தன் வயலோரத்திலே தும்பிக்கும் இடம் ஒதுக்கிய நாடு. பாலத்தைப் பெற்றுக்கொண்ட நாம் அந்தப் பாடத்தையும் பெற்றுக்கொள்ளலாகாதா?

செய்யத்தக்கது என்ன?

ஈரநிலத்தை இழந்த நகரங்கள் அதன் அருமையைப் பின்னர் உணர்ந்தமைக்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. சதுப்புகளை நிரப்பி நிரப்பி வளர்ந்த கொழும்பு, ஒவ்வொரு பெருமழையிலும் வெள்ளத்தால் அதன் விலையைச் செலுத்தி வருகிறது. எஞ்சிய சதுப்புகளைக் காக்க முற்பட்டதன் பயனாக, 2018ஆம் ஆண்டிலே ராம்சார் உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்னும் தகுதியை அந்நகர் பெற்றது. தும்பியைப் போற்றுவதற்காக எவரும் அதைச் செய்யவில்லை. வெள்ளத்துக்கு அஞ்சிச் செய்தனர். 2011ஆம் ஆண்டு தைமாத வெள்ளத்தைக் கண்ட மட்டக்களப்பாருக்கு நீர் தங்கும் பள்ளத்தின் பயனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தும்பிக்கு வேண்டிய பள்ளமே வெள்ளத்தைத் தாங்கும் பள்ளம்.

இழந்தது மீளாது என்று சோர்தலும் வேண்டா. தென்னாபிரிக்காவிலே ஓடைக்கரைகளை மூடிய அயல்நாட்டு மரங்களை அகற்றியபின், மறைந்திருந்த தும்பிகள் திரும்பி வந்தமையைப் பேராசிரியர் மைக்கேல் சாம்வேய்சும் அவர் குழுவினரும் கண்டனர். நீரோடையின் நலத்தைத் தும்பியின் வகைகொண்டு மதிப்பிடும் முறை ஒன்றையும் அவர்கள் வகுத்தனர்.

கொக்கட்டிச்சோலைக்கு இவ்வளவு தொல்லையும் இல்லை. அங்கே மீட்க வேண்டியது சிறிது. காக்க வேண்டியதே பெரிது. குளத்தைச் செப்பனிடும்போது சுற்றிலும் சுவர் எழுப்பாது, ஒரு பக்கத்தையாவது சாய்ந்த மண்கரையாக விட்டு, கோரை வளரவிடலாம். வீதியை உயர்த்தும்போது இருபுறத்து நீரும் கலக்குமாறு மதகு வைக்கலாம். நெற்காணியை அனுமதியின்றி நிரப்புதலை 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் தடுக்கிறது; அச்சட்டத்தை ஏட்டிலே உறங்கவிடாதிருக்கலாம். ஆலயத்தைச் சூழவும் பாடசாலை அயலிலும் உள்ள சிறு நீர்நிலைகளுக்குப் பெயரிட்டுக் கணக்கெடுக்கலாம். பெயருள்ளதை நிரப்பக் கை சற்றுத் தயங்கும்.

எல்லாவற்றினும் முதலாவதாகச் செய்யத்தக்கது, எண்ணுதல். படுவான்கரைப் பாடசாலை ஒவ்வொன்றிலும் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், மாரியிலே ஒரு நாளும் கோடையிலே ஒரு நாளும், பிள்ளைகளை ஒரே குளக்கரைக்கு அழைத்துச் செல்லட்டும். பிடிக்கவும் வேண்டா, நூல் கட்டவும் வேண்டா. சிவப்பு எத்தனை, மஞ்சள் எத்தனை, ஊசித்தும்பி எத்தனை வகை என்று எழுதி, ஆண்டையும் குறித்து, பாடசாலை ஏட்டிலே வைக்கட்டும். பத்து ஆண்டுகளுக்குப் பின் அவ்வேடு எந்தப் பொறியியலாளரும் தரமுடியாத அறிக்கையாகும். ஊசித்தும்பியின் வகை குறைந்து செம்மஞ்சள் தும்பி ஒன்றே பெருகக் கண்டால், குடிநீர்க் கிணறு கெடுவதற்கு முன்னரே ஊர் விழித்துக்கொள்ளும்.

மட்டக்களப்பு வாவியிலே மீன் பாடுகிறது என்பதை உலகறியச் செய்தோர் பலர். நிலவிரவிலே தோணியிலிருந்து அந்த இசைக்குச் செவி சாய்த்தோரும் பலர். அதே வாவியின் மேற்குக் கரையிலே ஓசையின்றிப் பறப்பவற்றுக்குக் கண் கொடுத்தோர் சிலரே. எழுவான்கரை நகரமான காலத்திலே எவரும் தும்பியை எண்ணி வைக்கவில்லை. ஆதலால் அங்கே எது போயிற்று என்பதைச் சொல்ல இன்று எவரிடத்தும் ஏடில்லை. படுவான்கரைக்கு அந்த நிலை வரவேண்டியதில்லை. பாலம் திறந்தாயிற்று, ஏட்டையும் திறந்துவிடலாம். வரும் ஐப்பசியில், முதல் மழைக்கு முன் வயல்வெளியிலே பொன்மஞ்சள் தும்பிகள் திரளும் நாளே அதற்கு நல்ல நாள்.